சொந்த வலைத்தளத்தில் முதலில் தெரிய வேண்டியது எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிப் படிப்பை முடிக்கவிருக்கும் மாணவர்கள் தமக்கென்று ஒரு வலைத்தளம் வைத்திருப்பது வேலை தேடவும் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் உதவும் என்று தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அந்த அறிவுரையை மனமார வரவேற்கிறேன். ஆனால் இணையத்தில் எங்கே இடம் வாங்குவது, டெம்ப்ளேட் எனப்படும் ஆயத்தப் பக்க வடிவங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது, என்னென்ன அசைவுகளைச் சேர்ப்பது என்பவற்றையெல்லாம் விரிவாகச் சொன்ன அந்தக் கட்டுரை, அந்தத் தளத்தை ஒருவர் திறந்து படிக்கப் போகிறார் என்பதைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் அச்சகத்தில் தமிழ்ப் பக்கங்களை வடிவமைத்து, பின்னர் இளைஞர்களுக்கு வலைப்பக்க வடிவமைப்பைக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியை எழுத விரும்புகிறேன்.

மாணவர் ஒருவரின் தளத்தைத் திறப்பவர் யார்? நேர்காணலுக்கு முன்பு விண்ணப்பதாரரின் பெயரைத் தேடிப் பார்க்கும் நிறுவன அலுவலராக இருக்கலாம். ஆய்வுக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியராக இருக்கலாம். கதை அனுப்பியவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கும் இதழின் உதவி ஆசிரியராகவும் இருக்கலாம். இவர்கள் எல்லாரும் வேறு வேலைகளுக்கு நடுவே, பெரும்பாலும் கைப்பேசியில், இவர் யார், என்ன செய்திருக்கிறார், எப்படித் தொடர்புகொள்வது என்ற மூன்றைத் தெரிந்துகொள்ளவே வருகிறார்கள். நான் பார்க்கும் முதல் தளங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைக்கூட முதல் திரையில் சொல்வதில்லை. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு மலைக் காட்சி நிற்கிறது. அதன்மேல் "என் உலகத்திற்கு வரவேற்கிறேன்" என்ற வரி ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றி, படித்து முடிப்பதற்குள் மறைகிறது. அந்த இடத்தில், "மதுரையில் சிவில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கண்மாய் மடைகளின் பழுதுகளை அளந்து வரைபடமாக்கி வருகிறேன்; அந்த வரைபடங்கள் இந்தத் தளத்தில் உள்ளன" என்று இரண்டே வாக்கியங்கள் இருந்தால், வந்தவர் தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டு மேலே படிக்கத் தொடங்கிவிடுவார். தளத்தின் வடிவமைப்பு இந்த இரண்டு வாக்கியங்களை எழுதுவதில்தான் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிறமும் படமும் பிறகு வரலாம்.

உலகின் முதல் வலைத்தளமே இதற்குச் சான்று. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி, 1991 ஆகஸ்டில் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் அறிவித்த அந்தத் தளத்தில் படம் இல்லை, வண்ண அலங்காரம் இல்லை. ஒரு தலைப்பு, இந்தத் திட்டம் எதற்காக என்று சொல்லும் ஒரு தொடக்க வாக்கியம், அதற்குக் கீழே இணைப்புகளின் வரிசை, அவ்வளவுதான். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2013இல், அந்த முதல் பக்கத்தை அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் படிக்கக் கிடைக்கச் செய்தது. அன்றைய கணினிக்கு எழுதப்பட்ட அந்தப் பக்கம் இன்றைய கைப்பேசியிலும் தடையின்றித் திறக்கிறது. எழுத்தை எழுத்தாகவே வைத்ததுதான் அதற்குக் காரணம். எல்லாத் தளமும் அந்த அளவுக்கு வெறுமையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் தளத்தைக் கட்டுபவர் அங்கிருந்து தொடங்கி, தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போவதே நல்லது என்கிறேன்.

தமிழில் தளம் அமைப்பவர்களுக்கு இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. இந்தக் கடிதத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்க விரும்புகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து அளந்து செய்யப்பட்டவை. அவற்றில் ஆங்கில மாதிரி வாசகத்தை எடுத்துவிட்டுத் தமிழை இட்டவுடன் பக்கம் குலைந்துபோகிறது. மாணவர்களோ தமிழ் எழுத்தே இணையத்துக்குப் பொருந்தாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அளவுதான் பொருந்தவில்லை, நம் எழுத்தில் குறை ஏதும் இல்லை.

முதலில் எழுத்தின் அளவைப் பார்ப்போம். வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவிகள் தாமாகக் காட்டும் எழுத்தளவு பொதுவாக 16 பிக்சல் (பிக்சல் என்பது திரையில் அளவைக் குறிக்கும் சிறு அலகு). டெம்ப்ளேட்டுகள் பலவற்றில் அது 14 பிக்சலாகக் குறைக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகள் அந்த அளவில் ஓரளவு தெரியலாம். ஆனால் ணை, ஞா, ளு, ழூ போன்ற தமிழ் எழுத்துகளில் அதே இடத்துக்குள் வளைவுகளும் சுழிகளும் மிகுதி என்பதால், 14 பிக்சலில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தமிழ்க் கட்டுரைக்கு 18 பிக்சலுக்குக் குறையாமல் வைக்குமாறு என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். வரி இடைவெளியும் இப்படித்தான். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் இகர ஈகார விசிறிகளும் நிற்கின்றன. கீழே கூ, மூ, ழு, ளு ஆகியவற்றின் கால்கள் இறங்குகின்றன. எழுத்தளவைப் போல் 1.2 அல்லது 1.3 மடங்கு வரி உயரம் கொடுத்தால், மேல் வரியின் காலும் கீழ் வரியின் விசிறியும் இடித்துக்கொள்ளும். 1.7 மடங்கு கொடுத்துப் பாருங்கள். அதே பக்கம் மூச்சு விடுவது போல விரிவதைக் கண்ணால் காணலாம். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு காசு செலவில்லை, ஒரு வரிக்கு மேல் நிரலும் தேவையில்லை.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரையோ தலைப்பில் அது காட்டும் பொலிவையோ பார்த்து முடிவு செய்யக் கூடாது. புள்ளி தெளிவாகத் தெரிகிறதா என்பதே என் முதல் சோதனை. மெலிந்த எழுத்துருக்களில் சிறிய அளவில் புள்ளி கரைந்துபோகிறது. புள்ளி போனால் "பல்" என்பது "பல" ஆகிவிடும், "கால்" என்பது "கால" ஆகிவிடும். ரகரமும் துணைக்காலும் பிரித்தறிய முடிகிறதா, ணகரத்தின் சுழிகளும் னகரத்தின் சுழிகளும் எட்ட நின்று பார்த்தாலும் வேறுபடுகின்றனவா என்பது அடுத்த சோதனை. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை போன்ற தரமான தமிழ் எழுத்துருக்கள் இன்று திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றுள் முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகிய மூன்றிலும் தமிழுக்கு இணையாக வரைந்த ஆங்கில எழுத்துகளும் உள்ளன என்பதால், இரு மொழிச் சொற்களும் ஒரே வரியில் வரும் பக்கங்களுக்கு அவை மிகவும் பொருந்தும். டெம்ப்ளேட்டில் உள்ள எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லாவிட்டால், கைப்பேசி தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்து நிரப்பிக்கொள்ளும். மாணவரின் கணினியில் ஒரு தோற்றமும் படிப்பவரின் கைப்பேசியில் வேறொரு தோற்றமும் வருவதற்கு இதுவே காரணம்.

தடிப்பும் சாய்வும் தனியே கவனிக்க வேண்டியவை. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடிமனாக்கச் சொன்னால், உலாவி ஒவ்வொரு கோட்டையும் தானே பருமனாக்கும். சுழிகள் அடைபட்டு எழுத்து மைக்கறை போலாகிவிடும். சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபில் பெரிதாக வளரவில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று தனியாக வரைந்த வடிவமும் இல்லை. உலாவி நேர் எழுத்தையே சாய்த்துக் காட்டும் அந்தப் போலிச் சாய்வைக் காட்டிலும், மேற்கோள் குறியிட்டோ சற்றே உள்ளே தள்ளியோ காட்டுவது படிப்பவருக்கு எளிது. ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துரு, அதில் சாதாரண வடிவம் ஒன்று, தடித்த வடிவம் ஒன்று. இதற்கு மேல் முதல் தளத்துக்குத் தேவையில்லை.

தலைப்புகளில் இன்னும் நுட்பமான ஒரு கோளாறு நேர்கிறது. ஆங்கில டெம்ப்ளேட் செய்பவர்கள் துணைத் தலைப்புகளைச் சிறிய அளவில் வைத்து, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டிக் காட்டுவது வழக்கம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. எனவே அந்தக் கட்டளையில் பெரிதாக்கும் பகுதி தமிழில் வேலை செய்யாமல் போக, சிறிய அளவும் கூடுதல் இடைவெளியும் மட்டும் எஞ்சுகின்றன. துணைத் தலைப்பு அதற்குக் கீழுள்ள பத்தியைவிடச் சிறியதாகவும் சிதறியதாகவும் தெரிகிறது. பல தளங்களில் இதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். முகப்புத் தலைப்பிலோ இதற்கு நேர்மாறான தொல்லை. ஆங்கிலத்தில் ஓரிரு சிறு சொற்களுக்கென்று 64 பிக்சல் வைத்திருப்பார்கள். அங்கே "ஒருங்கிணைப்பாளர்" என்று எழுதினால், 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசித் திரையில் பாதிச் சொல் வெளியே போய்விடும். கைப்பேசியில் 28 பிக்சல் அளவிலான தடித்த தமிழ்த் தலைப்பு கம்பீரமாகவே இருக்கிறது.

வரியின் நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கள் நாளிதழின் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டால் வரிக்கு நான்கைந்து சொற்கள்தாம் இருக்கும். கண் ஒரே வீச்சில் வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தவறாமல் திரும்புகிறது. அதே செய்தியைக் கணினித் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வரியாக ஓடவிட்டால், எந்த வரியைப் படித்து முடித்தோம் என்று தேட வேண்டியிருக்கும். வலைப்பக்கம் எல்லாரும் படிக்கத்தக்கதாக இருப்பதற்கான உலகளாவிய நெறிமுறைகள், வரிக்கு 80 எழுத்துகளுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்கின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், வரிக்கு எட்டு முதல் பத்துச் சொற்கள் வரும்படி பத்தியின் அகலத்தைக் கட்டுப்படுத்தினால் போதும். இரு ஓரங்களையும் சமமாக வெட்டி நிறுத்தும் அச்சுப் பழக்கத்தை மட்டும் திரைக்குக் கொண்டுவர வேண்டாம். அச்சில் நீண்ட சொல்லை உடைத்து மீதியை அடுத்த வரிக்குக் கொண்டு போகிறோம். உலாவிகள் தமிழ்ச் சொல்லைப் பொதுவாக அப்படி உடைப்பதில்லை. "எழுதிக்கொண்டிருக்கிறார்கள்" என்ற சொல் வரியில் இடமில்லாமல் கீழே இறங்கிவிட்டால், மேல் வரியில் மிஞ்சிய மூன்று சொற்களும் ஓரத்தைத் தொடுவதற்காக விலகி நின்று, நடுவே வாய்க்கால் வாய்க்காலாக வெற்றிடம் விழும். இடப்புறம் மட்டும் நேராக இருக்க, வலப்புறம் ஏற்ற இறக்கமாக இருப்பதே திரையில் தமிழுக்கு ஏற்றது.

எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தாத்தாவின் கவிதைகளையோ அப்பாவின் கட்டுரைகளையோ தம் தளத்தில் ஏற்ற விரும்பும் இளைஞர்கள் பலர் உண்டு. மிகவும் போற்றத்தக்க எண்ணம் அது. ஆனால் அந்தப் பழைய கோப்புகள் பாமினி, டாம், டாப், திஸ்கி போன்ற முந்தைய முறைகளில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருந்தால், வலைப்பக்கத்தில் ஒட்டியவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். உடனே அவற்றைப் படமாக எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். படமாக்கிய கவிதையைத் தேடுபொறி படிப்பதில்லை. கைப்பேசியில் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு ஓடுகிறது. ஒரு வரியை மேற்கோளாக எடுக்கவும் முடியாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு என்ற குறியாக்க முறையில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடையும் அதனுடன் தமிழுக்கென்றே அமைந்த டேஸ் 16 என்ற குறியாக்க முறையையும் ஏற்று ஆணையிட்டது. பழைய குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்துவிட்டு ஏற்றினால், அந்தக் கவிதை இன்னும் பல ஆண்டுகளுக்கு எவருடைய தேடலிலும் கிடைத்துக்கொண்டே இருக்கும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பின்னாளில் யூனிகோடிலும் வழங்கினார்கள் என்பதை இளைஞர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பார்வையற்ற வாசகர்களுக்கு இது இன்னும் முக்கியம். என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள்கள் தமிழ் எழுத்தைப் படித்துக் காட்டும். படத்துக்குள் அடைபட்ட எழுத்தை அவற்றால் அப்படிப் படிக்க முடியாது. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நிரலின் தொடக்கத்தில் டி.ஏ. என்ற ஈரெழுத்துக் குறியீட்டால் சொல்லிவிட்டால், எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்பதை மென்பொருள் தெரிந்துகொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியில் மாற்று விளக்கம் எழுதுவதும், தலைப்பைத் தலைப்பு என்றே நிரலில் குறிப்பதும், "இங்கே சொடுக்கவும்" என்று எழுதாமல் எங்கே போகிறது என்பதையே இணைப்பின் சொற்களாக வைப்பதும் பார்வையற்றவர்களுக்கு மட்டுமன்றி அனைவருக்கும் உதவுகின்றன. இவற்றைச் சலுகையாகக் கருதி ஒத்திப்போடக் கூடாது. முதல் நாளிலேயே செய்ய வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை விருப்பத்துக்கு இடம் உண்டு. ஆனால் அளவுகோல் ஒன்றும் உண்டு. சாதாரண அளவிலான எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று மேற்சொன்ன நெறிமுறைகள் வரையறுக்கின்றன. வெள்ளைமேல் முழுக் கறுப்பு 21க்கு 1. வடிவமைப்பாளர்கள் விரும்பும், நிரலில் #999999 என்று குறிக்கப்படும் சாம்பல் நிறம் வெள்ளைமேல் 2.85க்கு 1 மட்டுமே. அதைவிட அடர்ந்த #777777 கூட 4.48 தான், மயிரிழையில் தவறுகிறது. இன்னும் அடர்ந்த #333333 என்றால் 12க்கு மேல் வந்துவிடும், கண்ணுக்கும் இதமாக இருக்கும். மங்கிய சாம்பல் எழுத்து குளிரூட்டிய அறையிலுள்ள பெரிய திரையில் நாகரிகமாகத் தெரியலாம்; உச்சி வெயிலில் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, வெளிச்சம் குறைத்து வைத்த கைப்பேசியில் படிப்பவருக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாது. படத்தின்மேல் எழுத்தை ஏற்றும் வழக்கத்தையும் கைவிடலாம். படம் ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் கறுத்தும் இருப்பதால், எந்த நிறத்தில் எழுதினாலும் பாதி வரி மறைந்துவிடுகிறது. நகரும் வரிகளும் தாமாக மாறும் படவரிசைகளும் ஐந்து நொடிக்கு மேல் ஓடினால், நிறுத்துவதற்கு வசதி இருக்க வேண்டும் என்பதும் அந்த நெறிமுறைகளில் உள்ளதே. முதல் தளத்தில் அவை இல்லாமலே இருக்கலாம்.

படங்களின் எடையையும் மாணவர்கள் கவனிப்பதில்லை. யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் செலவாகின்றன. அப்படியிருந்தும் நீளமான இந்தக் கடிதம் முழுவதும் 100 கிலோபைட்டைத் தாண்டாது. கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தை அப்படியே ஏற்றினால் அது இதைப்போல் பல மடங்கு வரும். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றினால் பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது, பக்கமோ உடனே திறந்துவிடும்.

தன்விவரப் பக்கத்தில் இரண்டு பழக்கங்களை விட்டுவிடுமாறு மாணவர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, திறமைகளை நூற்றுவீதப் பட்டைகளாக வரைவது. "சி++ 85%, தலைமைப் பண்பு 90%" என்ற பட்டைகள் எதை எதனோடு ஒப்பிட்டு வந்தவை? எவராலும் சொல்ல முடியாது. அந்த இடத்தில், செய்து முடித்த ஒரு புராஜெக்டைப் பற்றி, என்ன சிக்கல் இருந்தது, தாம் செய்தது எந்தப் பகுதி, கடைசியில் என்ன ஆயிற்று என்று ஒரு பத்தி எழுதினால், படிக்கும் அலுவலர் அதைக்கொண்டே பத்துக் கேள்விகள் கேட்பார். மற்றொன்று, காகித பயோடேட்டாவின் பழக்கத்தில் தந்தை பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றையெல்லாம் அப்படியே வலைப்பக்கத்தில் ஏற்றிவிடுவது. காகிதம் ஒருவர் கைக்குப் போகிறது. வலைப்பக்கமோ முன்பின் தெரியாதவர்களுக்கும் திறந்தே கிடக்கிறது. ஊர்ப் பெயரும் இதற்கென்று தனியாக வைத்துக்கொண்ட ஒரு மின்னஞ்சல் முகவரியும் போதும். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். அவர்களின் ஆசிரியர்களும் இதைச் சொல்லித்தர வேண்டும்.

பக்கங்களின் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு, என்னைப் பற்றி, பணிகள், தொடர்புக்கு என்ற நான்கு போதும். நான்கே இருக்கும்போது அவற்றை, தொட்டால் பட்டியல் விரியும் மூன்று கோட்டுக் குறிக்குள் ஒளித்து வைக்காமல் மேலே வெளிப்படையாகவே எழுதிவிடலாம். ஆங்கிலத்திலும் தளம் வேண்டுமென்றால், தமிழும் ஆங்கிலமுமாக மாற்றி மாற்றிப் பத்திகளை அடுக்காமல் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கங்கள் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுக்கலாம். கட்டுரைகளுக்கு எழுதிய தேதியைக் கட்டாயம் இட வேண்டும்.

இவ்வளவையும் செய்ய விலைகொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். மொழியில் தலைப்பு, பத்தி, இணைப்பு, படம் ஆகிய நான்கைக் குறிக்கத் தெரிந்தால் ஒரு பக்கத்தை எழுதிவிடலாம். எழுத்துரு, எழுத்தளவு, வரி உயரம், பத்தியின் அகலம், நிறம் ஆகியவற்றுக்கு, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் பத்து வரிகள் போதும். பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும், வியூபோர்ட் எனப்படும் ஒரு வரியை மறக்காமல் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் கைப்பேசி தன்னை 980 பிக்சல் அகலமுள்ள திரையாகக் கருதிக்கொண்டு முழுப் பக்கத்தையும் எறும்பெழுத்தாகச் சுருக்கிக் காட்டிவிடும். கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் இத்தகைய பக்கத்தைக் கட்டணமில்லாமல் வைக்கலாம். எங்கே வைத்தாலும் எல்லாக் கோப்புகளின் நகலும் தம்மிடம் இருக்க வேண்டும். 1994இல் தொடங்கி, 1999இல் யாஹூ நிறுவனத்தின் கைக்கு மாறிய ஜியோசிட்டீஸ் என்ற சேவையில் உலகெங்கும் எண்ணற்றவர்கள் தங்கள் முதல் தளத்தை அமைத்தார்கள். 2009 அக்டோபரில் அது மூடப்பட்டபோது, நகல் எடுத்து வைக்காதவர்களின் பக்கங்களுள் தன்னார்வலர்களால் மீட்க முடிந்தவை மட்டுமே எஞ்சின. சிறிய ஆண்டுக் கட்டணத்தில் டொமைன் பெயர் எனப்படும் தள முகவரி ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டால், பின்னாளில் வேறிடத்துக்கு மாறினாலும் முகவரி மாறாது.

தளத்தை வெளியிடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கணினித் துறையைச் சாராத ஒருவரிடம், வயதில் மூத்தவராக இருந்தால் இன்னும் நல்லது, கைப்பேசியைக் கொடுத்து, வீட்டு வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் படிக்கச் சொல்ல வேண்டும். எதையும் விளக்கக் கூடாது. இந்தத் தளம் யாருடையது, அவர் என்ன செய்கிறார், அவரிடம் பேச வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். கண்ணாடியைத் தேடுகிறாரா, கைப்பேசியைத் தள்ளிப் பிடிக்கிறாரா, எந்த இடத்தில் விரல் தயங்குகிறது என்பதைக் கவனித்தாலே திருத்த வேண்டியவை புலப்பட்டுவிடும். பிறகு கைப்பேசியின் அமைப்பில் எழுத்தளவை இரு மடங்காக்கிவிட்டு மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்போதும் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருந்தால் பக்கம் நன்றாக அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வலைத்தளம் அமைப்பதைப் பயிற்சியாகக் கொடுக்கும் துறைகள் பலவற்றில், எத்தனை பக்கங்கள், எத்தனை அசைவுகள், எந்தப் புதிய நிரற்கட்டமைப்பு என்பவற்றுக்கே மதிப்பெண் போகிறது. அந்தப் பக்கத்தை ஒருவரால் படிக்க முடிகிறதா என்பதற்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாணவரின் உழைப்பும் போகும். எழுத்தளவு, ஒளி வேறுபாடு, படங்களுக்கான மாற்று விளக்கம், முதல் திரையின் இரண்டு வாக்கியங்கள் ஆகியவற்றுக்கு மொத்த மதிப்பெண்ணில் பாதியை ஒதுக்கினால், ஓரிரு பருவங்களிலேயே வேறுபாட்டைக் காணலாம்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழில் படிப்பதற்கு இதமான பக்கத்தை அமைக்கும் அனுபவம் நாளிதழின் பக்க வடிவமைப்பாளர்களிடம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கிறது. கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு மாணவரின் தளத்தை அவருடைய ஒப்புதலோடு எடுத்துக்கொண்டு, தங்கள் வடிவமைப்பாளர் ஒருவர் அதில் எதை மாற்றுவார், ஏன் மாற்றுவார் என்பதை முன்னும் பின்னுமான படங்களோடு வெளியிடலாம். அப்படி ஒரு பகுதி தொடங்குவதாக இருந்தால், எவரும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளத்தக்க, தமிழுக்கென்றே அளந்து செய்த எளிய மாதிரிப் பக்கம் ஒன்றைக் கட்டணம் எதுவுமின்றி எழுதி அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருநெல்வேலி.